சத்தியம் செய்யாதவரின் கார்

காலை ஐந்தே முக்கால். முதலில் கண்ணில் பட்டது என் தங்கையின் உள்ளங்கை. புதுச்சேரியில் ஒரு வீட்டு வாசலில் நின்ற சிவப்புக் காரின் பானெட்மேல் அது விரிந்து கிடந்தது. கையை எடுக்காமல், என்னையும் திரும்பிப் பார்க்காமல், "சில்லுனு இருக்குதுக்கா" என்றாள்.

அதற்காகத்தான் விருத்தாசலத்திலிருந்து இருட்டோடு கிளம்பியிருந்தோம். வாங்குகிறவர் எப்போது வருவார் என்று தெரிந்தால், விற்கிறவர் முன்கூட்டியே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிடலாம். சூடான இன்ஜினில் பாதிக் குறைகள் தெரியாது. எட்டு மணிக்கு வருகிறோம் என்று சொல்லியிருந்தோம்.

விற்பவர் லுங்கியோடு வெளியே வந்தார். "எட்டு மணின்னு சொன்னீங்க?"

"பஸ்ஸு சீக்கிரம் வந்துடுச்சுங்க" என்றாள் தங்கை.

நாங்கள் வந்தது பஸ்ஸில் அல்ல. எங்களை ஏற்றிவந்த மெக்கானிக்கின் வேன் தெருமுனையில் நின்றது. ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக், வேனுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர்போல ஒரு வேப்பங்குச்சியை மென்றபடி நடந்து வந்தார்.

என் தங்கைக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. செராமிக் பேட்டையில் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் செய்யும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறாள். மண்ணும் சூளையும் அவள் பொறுப்பு. கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுப்பது அவள் கணவர் பொறுப்பு. நான் பத்திரிகையில் நிருபராகவும் பிறகு டெஸ்க்கிலும் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அவர்கள் தெருவிலேயே குடியிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் விற்கும் ஒருவர் தன் வாடிக்கையாளர்களை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள கார் பந்தயத் தடத்துக்கு அழைத்துப்போனார். பந்தயம் நடக்காத சில நாட்களில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் தங்கள் காரை அங்கே ஓட்டலாம். ட்ராக் டே என்பார்கள். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. ஓட்டுவது மட்டும்தான். மற்ற விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். தங்கை ஹெல்மெட் வாங்கிப் போட்டுக்கொண்டு சில சுற்றுகள் ஓட்டினாள். வீடு திரும்பியதும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

"அக்கா, அங்க எதிர்ல யாரும் வரமாட்டாங்க."

எங்கள் பக்கத்துச் சாலையில் ஓட்டியவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்விளக்கு இருக்காது. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் தனியார் பஸ் வரும்.

அதன் பிறகு பலமுறை வாடகைக் காரில் போய் ஓட்டிவிட்டு வந்தாள். பல பேர் மிதித்த பிரேக், பல பேர் தேய்த்த கிளட்ச். கடைசியில், தனக்கென்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது என்று முடிவெடுத்தாள். அதைச் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தாள். நானும் அங்கே இருந்தேன்.

அவள் கணவர் சாம்பாரை ஊற்றிக்கொண்டே கேட்டார். "நாலு பேரு ஒக்கார முடியுமா அதுல?"

"ரெண்டு பேரு."

"அப்ப ஒன் மாமியார கூட்டிக்கிட்டு ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போவ முடியாது."

"அதுக்குதான் ரெண்டு."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் சிரிப்பதற்கும் சம்மதிப்பதற்கும் தொடர்பு கிடையாது. சற்று நேரம் கழித்து நிபந்தனையைச் சொன்னார். "ஒரே ஒரு வண்டி. நீயே பாத்து வாங்கு, நான் குறுக்க வரல. ட்ராக்குக்கு ஓட்டிக்கிட்டுப் போயி, பூரா நாளும் இருந்துட்டு, அதே சக்கரத்துல ஊரு வந்து சேரணும். கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்த, அடுத்த வாரமே வித்துடணும். அதோட இந்தப் பேச்சே வூட்ல இருக்கக் கூடாது."

"சரி" என்றாள் தங்கை.

"அண்ணி, நீங்கதான் சாட்சி" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் தலையசைத்தேன். அவள் அதற்குள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

அவள் தேடியது வேகமான காரை அல்ல. "வேகம் எல்லாத்துலயும் இருக்குது. சூடு தாங்கறது எதுன்னு பாக்கணும்" என்பாள். பந்தயத் தடத்தில் காரைக் கொல்வது வேகத்தைவிடச் சூடு என்பது அவள் வாடகைக் கார்களில் கண்டது. பிரேக் சூடு, எண்ணெய் சூடு, தண்ணீர்ச் சூடு. பந்தயக்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கிய மாடல் ஒன்றை முடிவு செய்தாள். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, கையால் மாற்றும் கியர். நம் ஊரில் அபூர்வம். விற்பனைக்கு வந்ததாக அவள் கண்டுபிடித்ததில் எங்களுக்கு எட்டக்கூடியவை இரண்டுதான். அதில் ஒன்று புதுச்சேரிக்காரரின் இந்தச் சிவப்பு.

விற்பவர் சாவியைப் போட்டார். இன்ஜின் ஒரே உறுமலில் பிடித்தது. மெக்கானிக் வேப்பங்குச்சியைத் துப்பினார். "இது குதிரை, அக்கா."

தங்கை காரைச் சுற்றி நடந்து, வளைத்த விரலின் முட்டியால் கதவு, மட்கார்டு, கூரை என்று தட்டிக்கொண்டே போனாள். எங்கள் ஊரில் பீங்கான் எதையும் அப்படித்தான் சோதிப்பார்கள். நன்றாக வெந்த கட்டை கணீரென்று கேட்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடும். காரின் தகட்டில் பட்டி பூசி அடிபட்டதை மறைத்திருந்தாலும் சத்தம் மாறும். சிவப்புக் கார் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலித்தது. டிக்கி முழுவதையும் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி அடைத்திருந்தது. அதைத் தட்டிவிட்டு மூடினாள்.

"எங்கயாவது மோதியிருக்குதுங்களா?"

"கீறல்கூடக் கெடையாதுங்க."

"சத்தியம் பண்ணுவீங்களா?"

அவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

விருத்தாசலத்துக்காரர்கள் இதை விளையாட்டாகக் கேட்பதில்லை. பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. தீராத வழக்கை மனுவாக எழுதி முருகனிடம் பிராது கட்டிவிட்டு வருவார்கள். மாடு வாங்குவதிலும் மனை வாங்குவதிலும் சந்தேகம் வந்தால், விற்பவரை அங்கே கூப்பிட்டுக் கற்பூரத்தின் முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டால் அதற்குமேல் துருவிக் கேட்பது மரியாதையாகாது. காருக்கும் அதுவே போதும் என்று தங்கை நினைத்தாள். மெக்கானிக்கும் அப்படியே நினைத்தார். நானும் மறுத்துப் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரிக்காரர் அதே சிவப்புக் காரில் மணவாளநல்லூர் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, விபூதி. தங்கையின் கணவரும் வந்திருந்தார். விற்பவர் கற்பூரத் தட்டின் முன் நின்று, தயங்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த வண்டி எங்கயும் மோதல. எதுவும் இதுமேல மோதல. கொளஞ்சியப்பன் சாட்சி." பக்கத்தில் அர்ச்சனைக்காக நின்ற ஒரு அம்மாள்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது. இனிமே என்னா இருக்குது பாக்கறதுக்கு?" என்றார் தங்கையின் கணவர்.

டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று யூனிட்டுக்கு வந்தோம். விற்பவர் காரை ஷெட்டில் நிறுத்தினார். ஒரு பக்கம் ஃப்யூஸ் கட்டைகள் அடுக்கியிருந்தன. மறுபக்கம் மண்கூழ் வாளிகள். ஞாயிறு என்பதால் ஆட்கள் இல்லை. ஆண்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து சாலைகளின் நிலைமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை டிக்கியைத் திறந்தாள். ஸ்பீக்கர் பெட்டி இல்லை. அது விலையில் சேராது என்பதால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். அடியில் பலகை தெரிந்தது. பலகையைத் தூக்கி, ஸ்டெப்னி டயரையும் எடுத்து வெளியே வைத்தாள்.

அவள் குனிந்தவள் நிமிரவில்லை. "அக்கா, இங்க வா."

குழியின் ஓரத்தில், தகடு மடங்கும் இடத்தில், காய்ந்த மண் இருந்தது. அதிகமில்லை, ஒரு கரண்டி தேறும். மேற்பரப்பு வெடித்துச் செதில் செதிலாகச் சுருண்டிருந்தது. ஒரு செதிலை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மேல்பக்கம் வழவழப்பு. திருப்பினாள். அடிப்பக்கம் மணல்.

"ரோட்டுத் தூசி இப்பிடி இருக்காது. அதுல எல்லாம் கலந்து கெடக்கும்" என்றாள் மெதுவாக. பிறகு எழுந்துபோய், முந்தின வாரம் கழுவாமல் விட்ட மண்கூழ் வாளி ஒன்றைச் சாய்த்து, அடியில் காய்ந்திருந்ததைப் பெயர்த்துக்கொண்டு வந்தாள். மேலே வழவழப்பு, கீழே மணல். நின்ற தண்ணீரில்தான் மண் அப்படித் தரம்பிரிந்து படியும். கனமானது முதலில் இறங்கும், நைசானது கடைசியில். அவள் தொழிலில் அது தினமும் பார்க்கிற காட்சி.

இரண்டு கைகளிலும் இரண்டு செதில்களோடு விற்பவர் முன்னால் போய் நின்றாள்.

"இந்த வண்டி தண்ணியில நின்னுருக்குது."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. "பேஸ்மென்ட்ல கொஞ்சம் தண்ணி வந்துச்சும்மா, ஒரு மழைல. சீட்டு வரைக்கும்கூட வரல. தரை விரிப்பெல்லாம் புதுசா மாத்திட்டேன்."

"சத்தியம் பண்ணீங்களே!" என்று எழுந்துவிட்டார் தங்கையின் கணவர். காது சிவந்திருந்தது.

"பண்ணேங்க. மோதலன்னு பண்ணேன். மோதல. தண்ணியப் பத்தி யாரும் கேக்கலியே?"

அவர் சொன்னது சரி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு கேள்வியைக் கேட்டிருந்தோம். அதற்குரிய பதில் கிடைத்திருந்தது.

தங்கை ஸ்டெப்னியைத் திரும்ப வைத்துப் பலகையை மூடினாள். குரலை உயர்த்தவில்லை. "டீய முடிச்சுட்டுக் கெளம்புங்க. ஆறிப்போவுது."

அவர் போன பிறகு மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். "ஓடுமேக்கா, நல்லாத்தான் ஓடும்" என்றார் அவர்.

"ஓடும். ஒயரு ஜாயின்ட்டுக்குள்ள பச்சைத் துரு புடிச்சுக்கிட்டே இருக்கும். நான் ட்ராக்குல வளைவுல இருக்கும்போது நின்னா?"



இரண்டாவது கார் பெண்ணாடத்துக்குப் பக்கத்து ஊரில் இருந்தது. அதே மாடல், சில வருடம் மூத்தது, ஈயப் பாத்திரத்தின் நிறம். பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கியதை, வேலையை விட்டுக் கரும்பு போட வந்தபோது ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார் அதன் உரிமையாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். கரும்பு லோடு டிராக்டர்களுக்கு நடுவில், தார்ப்பாய் போர்த்தி நின்றது கார்.

இந்த முறையும் தங்கை முதலில் பானெட்டைத் தொட்டாள். கார் பல நாளாக அசையவில்லை என்பது தார்ப்பாய்மேல் இருந்த கோழி எச்சத்திலேயே தெரிந்தது. அவரே பேட்டரியை மாட்டினார். இரண்டாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது.

"ஏங்க விக்கறீங்க?"

"இந்த ஊருல எத்தன ஸ்பீடு பிரேக்கரு இருக்குதுன்னு பாத்தீங்களா? ஒவ்வொண்ணுலயும் வயித்தத் தேய்ச்சுக்கிட்டுதான் போவுது. கரும்புக் கொல்லைக்குப் போற வழியில கரும்பு வண்டித் தடத்துல மாட்டிக்கிட்டு டிராக்டர் வச்சு இழுத்தேன். பசங்க வீடியோ எடுத்துட்டானுங்க."

கூட வந்திருந்த தங்கையின் கணவர் நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "மணவாளநல்லூர் வந்து வண்டில ஒரு குறையும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுவீங்களா?"

"மாட்டேங்க."

"ஏன்?"

"எனக்கு முன்னாடி ரெண்டு பேரு ஓட்டியிருக்காங்க. அவங்க என்னா பண்ணாங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? தெரியாததுக்கு சாமி முன்னாடி நின்னு பேச சொல்றீங்களா?"

தங்கையின் கணவர் எங்களைத் தனியே கூப்பிட்டு, "பயப்படறாரு பாத்தீங்களா? இது வேணாம்" என்றார். அவர் நியாயமும் எனக்குப் புரிந்தது. தயங்காமல் சத்தியம் செய்தவரே அப்படி இருந்தால், மறுப்பவர் எப்படி இருப்பார்?

தங்கை காருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சத்தியமெல்லாம் வேணாங்க. நீங்க கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க."

அவர் சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்ல அவருக்கே நினைவு வந்துகொண்டிருந்தது. காலையில் முதல்முறை இரண்டாவது கியர் விழ மறுக்கும், சூடானதும் சரியாகிவிடும். இடது ஜன்னல் கண்ணாடி ஏறும்போது முக்காலோடு நின்றுவிடும். ஏசி பேருக்குத்தான். பின்பக்க பம்பர், மாட்டுத்தொட்டி ஒன்றில் அவரே இடித்தது. வயிற்றுத் தகட்டில் எத்தனை கோடு என்று எண்ணவில்லை. எண்ணெய் மாற்றியது, பெல்ட் மாற்றியது எல்லாம் பெங்களூரில். இங்கு வந்த பிறகு தொட யாரும் இல்லை. தண்ணீரில் நின்றதா என்று தங்கை கேட்டாள்.

"என்கிட்ட இருந்தப்ப இல்ல. அதுக்கு முன்னாடி தெரியாது. நீங்களே பாத்துக்கங்க."

பார்த்தாள். சீட்டுகளைக் கழற்றி, தரை விரிப்பைப் பெயர்த்து, டிக்கிக் குழியில் தலையை விட்டு, நகத்தால் ஒவ்வொரு மடிப்பையும் கீறிப் பார்த்தாள். தூசி இருந்தது. வைக்கோல் துணுக்கும் ஒரு எலிக்கூடும் இருந்தன. தரம்பிரிந்த மண் எங்கும் இல்லை. எங்களோடு வந்திருந்த மெக்கானிக் இன்ஜினின் நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் முடிவைச் சொன்னார்.

"இது கெழவி, அக்கா. ஆனா நாலும் ஒரே மாதிரி இருக்குது. எனக்கே ஆச்சரியமா இருக்குது."

"இதத்தான் வாங்கறேன்" என்றாள் தங்கை.

"சத்தியமே பண்ணாத ஆளுகிட்டயா?" என்றார் கணவர்.

"ஆமாங்க. ஒரே வண்டின்னு சொன்னீங்க. இதுதான் அந்த ஒண்ணு."

அடுத்த இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அவள் அந்தக் காருக்கு அடியில் இருந்தாள். பிரேக் கட்டைகள், டயர்கள், குழாய்கள், எண்ணெய்கள் எல்லாம் மாறின. கண்ணாடியையும் ஏசியையும் தொடவில்லை. "அது ஓடறதுக்குத் தேவையில்ல."

குறித்த நாளுக்கு முந்தின மாலை இருவரும் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்து ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் தடத்துக்குள் நுழைந்தபோது எங்கள் காரைவிடப் பழையது அங்கே ஒன்றும் இல்லை. கட்டணத்துக்கு இடைவெளி விட்டு ஐந்து முறை ஓட்டலாம். முதல் சுற்றுகளை மெதுவாகப் போனாள். பிறகு சத்தம் மாறியது. தூரத்து வளைவில் ஈய நிறம் தெரியும், மறையும், நேர்ப்பாதையில் என்னைக் கடக்கும். எதிரில் யாரும் வரவில்லை.

ஒவ்வொரு முறை ஓட்டிவிட்டு உள்ளே வரும்போதும் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் உருட்டிக்கொண்டே வந்தாள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடவில்லை. சூளையில் கதவை அவசரமாகத் திறந்தால் நன்றாக வெந்த கட்டையும் விரிசல் விடும். தானாக ஆற வேண்டும். கொதிக்கிற பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து ஆறவிடக் கூடாது என்பது அவள் கணக்கு. அதற்காக ஊரிலிருந்து இரண்டு சூளைச் செங்கற்களைக் கொண்டுவந்திருந்தாள். என் வேலை, கார் நின்றதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் அவற்றை வைப்பது.

பக்கத்தில் விலையுயர்ந்த மஞ்சள் காரோடு நின்ற ஒருவர் கேட்டார். "என்ன மேடம், வீடு கட்டப் போறீங்களா?"

"இல்லீங்க. வூட்டுக்குப் போவணும்" என்றாள் தங்கை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

மதியத்துக்குப் பிறகு, நான்காவது முறை உள்ளே வந்தபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. "பெடல் எறங்குதுக்கா. மிதிச்சா பஞ்சு மாதிரி இருக்குது." பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. இன்னும் ஒரு வாய்ப்பு மீதி இருந்தது. அதற்குள் பெடல் ஆறிப் பழைய நிலைக்கு வந்தது. மஞ்சள் கார்க்காரர் வந்து, "இப்ப சரியாத்தான் இருக்கு, போங்க. பணம் கட்டியாச்சுல்ல?" என்றார்.

கடைசி முறைக்கு வரிசை நின்றது. தங்கை ஹெல்மெட்டைப் போட்டாள். காரில் ஏறி உட்கார்ந்து பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தடுப்புச் சுவரோரம் நின்று மற்ற கார்கள் போவதைக் கடைசிவரை பார்த்தாள்.

"அடுத்த தடவ வேற பிரேக் ஆயில். முன் பிரேக்குக்குக் காத்து போறதுக்குக் குழாய் வைக்கணும்" என்றாள்.

"அடுத்த தடவ இருக்குதா?"

"மொதல்ல ஊரு போய்ச் சேருவோம்."

திண்டிவனம் தாண்டியபோது இருட்டிவிட்டது. உளுந்தூர்பேட்டையில் திரும்பியதும் கரும்பு டிராக்டர்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கில்லாமல். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் வயிறு தேய்ந்தது.

யூனிட் கேட்டில் அவள் கணவர் நின்றிருந்தார். கார் உள்ளே வந்ததும் முன்பக்கம் போய்க் குனிந்து, போன் வெளிச்சத்தில் பம்பருக்குக் கீழே கயிறு கட்டும் கொக்கியைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பூரா நாளும் ஓட்டினியா?"

"பூரா நாளும் இருந்தேன். கடைசி தடவ ஓட்டல."

"ஏன்?"

"ஓட்டியிருந்தா கொக்கில கயிறு இருந்திருக்கும்."

அவள் காரை ஷெட்டுக்குள் விட்டு, இன்ஜினை அணைத்து, அன்றைய பழக்கத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் இறங்கினாள். தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை வாசல் பக்கம் சற்றுச் சரிவாக இருக்கும். கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. அவள் கணவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, டிக்கியைத் திறந்து, ஒரு செங்கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.